சூப்பர்மேன் வந்தபின் மற்றவர்களுக்கு என்ன வேலை?

"இந்நூல் மிகவும் சிறப்பாக உள்ளது. ஆசிரியர் எளிய நடையில் எழுதியுள்ளார். அனைவரும் வாங்கிப் படித்துப் பயன்பெற வேண்டும்."

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் திருத்தும் நம் எல்லோருக்கும் இந்த மூன்று வரிகள் மனப்பாடம். நூல் மதிப்புரை எழுதச் சொல்லும் வினாவில் நூலின் தலைப்பு, மையப்பொருள், வெளிப்படும் கருத்து, நயம், கட்டமைப்பு என்று குறிப்புகள் தரப்படுகின்றன. மாணவர்கள் ஒவ்வொரு குறிப்பின் எதிரிலும் ஒரு பாராட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். படிக்காத நூலையும் இப்படிப் பாராட்டிவிடலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பல ஆண்டுகளாக நானே இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். அதை மாற்றியது ஒரு சுமாரான திரைப்படம்.

நான் இராமேஸ்வரம் தீவில் ஒரு கடலோரக் கிராமத்தின் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரே சத்தம். விடுமுறையில் தொலைக்காட்சியில் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"எப்படி இருந்தது?"

"சப்புனு போச்சு ஐயா."

"எல்லாரையும் ஒண்ணாச் சேத்து வச்சு வீணாக்கிட்டாங்க ஐயா."

படம் பார்க்காத ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் சித்திரக்கதை நாயகர்கள் ஒரு குழுவாகச் சேரும் கதை இது. படம் 2017 நவம்பரில் வெளியானது. சூப்பர்மேன் இறந்துவிட்டார். வேற்றுலகத்து ஸ்டெப்பன்வுல்ஃப் மூன்று மந்திரப் பெட்டிகளைத் தேடிப் பூமிக்கு வருகிறான். அவனைத் தடுக்க பேட்மேன், வொண்டர் உமன், ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் ஆகிய ஐவர் கூடுகிறார்கள். போதவில்லை என்று சூப்பர்மேனை உயிர்ப்பிக்கிறார்கள். அவர் வந்து முடித்துவைக்கிறார். உலகம் முழுவதும் பெரும் எதிர்பார்ப்போடு வந்து, பெரும் ஏமாற்றமாக முடிந்த படம் என்று பெயரெடுத்தது.

நல்ல வாய்ப்பு என்று நினைத்தேன். "சத்தம் போட்டதை எல்லாம் அப்படியே பத்து வரியில் எழுதுங்கள்" என்றேன். தாள்களை வாங்கிப் பார்த்தபோதுதான் அதிர்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சப்பென்று போனது என்று கத்திய அதே பிள்ளைகள், "இப்படம் மிகவும் சிறப்பாக உள்ளது. இயக்குநர் அருமையாக எடுத்துள்ளார். அனைவரும் கண்டு மகிழ வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். நூல் இருந்த இடத்தில் படம் வந்திருந்தது, அவ்வளவுதான். பேனாவைத் திறந்தால் பாராட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நான்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

ஒரே ஒரு தாள் மாறியிருந்தது. பின்வரிசையில் உட்காரும் மாணவன். மாதத்தில் பல நாள் வரமாட்டான். மாமாவோடு நாட்டுப்படகில் போய்விடுவான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவான் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் ஏற்கெனவே முடிவு கட்டிவைத்திருந்த பையன். அவன் இப்படி எழுதியிருந்தான்:

"சூப்பர்மேன் வந்தபெறகு மத்தவங்களுக்கு வேல இல்ல. ஃப்ளாஷ் ஒரு வண்டிய தள்ளி ஒரு குடும்பத்த காப்பாத்துறான். திரும்பி பாத்தா சூப்பர்மேன் ஒரு பெரிய கட்டடத்தையே தூக்கிட்டு போறாரு. அப்ப ஃப்ளாஷ் எதுக்கு வந்தான். எங்க படகுல நாலு பேரு போனா நாலு பேருக்கும் வேல இருக்கும். ஒருத்தனே எல்லாம் செய்வான்னா மத்தவன ஏன் ஏத்தணும். பங்கு எப்படி கொடுப்பாங்க."

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். "எழுத்துத் தமிழில் எழுதுக" என்று சிவப்பு மையில் கோடிட்டு, ஐந்துக்கு இரண்டு போட்டேன். அந்த மூன்று வரி எழுதியவர்களுக்கு மூன்றரை.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. வீட்டில் தாள்களை அடுக்கும்போது மறுபடி அவனுடையது கண்ணில் பட்டது. ஒரு மதிப்புரையில் நான் எதிர்பார்க்கும் எல்லாம் அதில் இருந்தன. ஒரு கருத்து, அதற்குப் படத்திலிருந்தே ஒரு காட்சி, அந்தக் காட்சியை அளக்கத் தன் வாழ்விலிருந்து ஓர் அளவுகோல். குழுக் கதை என்றால் ஒவ்வொருவரும் இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று இருக்க வேண்டும். அந்தப் படத்தின் அடிப்படைக் குறையே அதுதான். அதைப் பிடித்தவனுக்கு இரண்டு மதிப்பெண்.

நான்காம் நாள் அவன் வந்ததும், பெயரைச் சொல்லாமல் அந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் மூன்று வரிப் பாராட்டையும் எழுதினேன். "இந்த இரண்டில் எவர் படம் பார்த்தவர்?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

அன்றிலிருந்து ஆறு பாடவேளைகளை இதற்குச் செலவிட்டேன். முதல் பாடவேளை 'ஏமாற்றம்' என்ற சொல்லுக்கே போய்விட்டது. 'மோசம்' வேறு, 'ஏமாற்றம்' வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒன்றும் எதிர்பார்க்காமல் பார்த்தது நன்றாக இல்லையென்றால் மோசம். எதிர்பார்த்து உட்கார்ந்து கிடைக்காவிட்டால் ஏமாற்றம். "தடைக்காலம் முடிஞ்சு முத நாள் கடலுக்குப் போயி வெறும் வலையோட வர்றது மாதிரி ஐயா" என்றாள் ஒரு மாணவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் எதிர்பார்த்தது, மறுபக்கம் கிடைத்தது என்று எழுதச் சொன்னேன். மூன்று வரிப் பாராட்டுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. வேறு எந்த உத்தியும் இந்த மடித்த தாள் அளவுக்குப் பலன் தரவில்லை.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மூலக்கதைக்குப் போக வேண்டும். எனக்குச் சித்திரக்கதைப் பித்து உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆங்கிலேய நாயகன், பரமக்குடியிலும் கமுதியிலும் எத்தனையோ பேருக்குச் சொந்த ஊர்க்காரன் போல. என் அண்ணன் வைத்திருந்த பழைய பிரதிகளில்தான் நான் வேகமாக வாசிக்கப் பழகினேன். (அட்டை கிழிந்த அந்த இதழ்களை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்ட வருத்தம் இன்னும் உண்டு.) அதனால் ஜஸ்டிஸ் லீக்கின் முதல் கதையை வகுப்பில் சொல்லும் பொறுப்பை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கதை நம் கடற்கரைக்கென்றே எழுதியது போல இருக்கும். 1960ஆம் ஆண்டு 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' என்ற இதழின் 28ஆம் எண்ணில் வந்தது. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் மைக் செகோவ்ஸ்கி. குழுவின் முதல் எதிரி யார் தெரியுமா? விண்வெளியிலிருந்து கடலில் வந்து விழுந்த ஒரு ராட்சத நட்சத்திர மீன். ஸ்டாரோ என்று பெயர். அது நம் கடலிலுள்ள சாதாரண நட்சத்திர மீன்களையும் பூதங்களாக்கி ஊர்களுக்கு அனுப்புகிறது. செய்தியை அக்வாமேனிடம் முதலில் வந்து சொல்வது ஒரு பேத்தை மீன். இதைச் சொன்னதும் வகுப்பே எழுந்துவிட்டது. வலையில் பேத்தை விழுந்தால் திட்டிக்கொண்டே கடலில் வீசுபவர்கள் அவர்கள். அது உளவு சொல்லும் மீனாக வருவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

ஸ்டாரோவின் கட்டுப்பாட்டுக்குள் ஓர் ஊரே போய்விடுகிறது. ஒரு பையன் மட்டும் மயங்கவில்லை. ஏன்? அவன் வீட்டுப் புல்வெளிக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தவன். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. அந்தத் துப்பைப் பிடித்துத்தான் நாயகர்கள் ஸ்டாரோவைச் சுண்ணாம்பால் மூடி அடக்குகிறார்கள்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதையும் சொன்னேன். நட்சத்திர மீன்கள் சிப்பிகளைத் திறந்து தின்பவை. அமெரிக்கக் கடற்கரைகளில் சிப்பிப் படுகைகளைக் காக்கச் சுண்ணாம்பு தூவி நட்சத்திர மீன்களை ஒழித்திருக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவும் முத்துச்சிப்பிக்குப் பெயர்போன கடல்தானே. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைத் தாத்தா சொல்லிக் கேட்ட பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அந்தப் பாடவேளையில் அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டேன். கால்சியம் ஆக்சைடு தண்ணீரில் பட்டால் என்ன ஆகும் என்று அவர் பத்து நிமிடம் பேசினார். எனக்கும் அது புதிது.

பிறகு கேள்வி: அந்தக் கதையில் சூப்பர்மேனும் பேட்மேனும் எங்கே? இருவருக்கும் வேறு வேலை என்று எழுத்தாளர் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டார். மிகப் பலசாலியை உள்ளே விட்டால் மற்றவர்களுக்கு வேலை இருக்காது என்பது 1960இலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். பின்வரிசை மாணவன் அப்போது முதல்முறையாகத் தானே கையைத் தூக்கினான். "அந்த எழுத்தாளரு படகுக்காரர் மாதிரி ஐயா."

கரைவலை இழுப்பதைப் பற்றி அவனையே சொல்லச் சொன்னேன். வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள். ஓர் அணி வேகமாக இழுத்துவிட்டால் வலை கோணி மீன் தப்பிவிடும். பலசாலி அதிகமாக இழுப்பதும் அங்கே தப்பு. ஐந்து நிமிடம் பேசினான். அந்த ஆண்டில் அவன் வகுப்பில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த வேளையில் படம் ஏன் அப்படி ஆனது என்பதைப் பார்த்தோம். இயக்குநர் சாக் ஸ்னைடர் 2017 மே மாதம், மகளின் மறைவையடுத்துப் படத்தை விட்டு விலகினார். மீதியை ஜாஸ் வீடன் முடித்தார். பல காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. படம் இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. அந்நேரம் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். எடுக்க முடியாத நிலை. கணினியால் மீசையை அழித்தார்கள். "அதான் மேல் உதடு ஒரு மாதிரி இருந்துச்சு!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரசிகர்கள் தொடர்ந்து கேட்டதன் பேரில், ஸ்னைடரின் வடிவம் நான்கு மணி நேரப் படமாக 2021 மார்ச்சில் வெளிவந்தது. அதில் சைபார்க்கின் தாய், தந்தை, விபத்து என்று ஒரு முழுக் கதை இருக்கிறது. முதல் படத்தில் அது பெரும்பகுதி வெட்டுப்பட்டிருந்தது.

இங்கே ஒரு மாணவி கேட்டதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக நின்றது. "மக செத்துப் போன ஆளோட படத்தைச் சரியில்லைன்னு எழுதலாமா ஐயா?" உடனே விடை சொல்லவில்லை. பிள்ளைகள் அரைமணி நேரம் விவாதித்தார்கள். காரணம் தெரிந்தால் கோபம் குறையும், ஆனால் படம் அப்படியேதான் இருக்கும் என்றார்கள் சிலர். காரணம் தெரிந்துகொண்டு எழுதினால் ஆளைத் திட்டாமல் வேலையைப் பற்றி எழுத வரும் என்றாள் கேட்டவளே. அவள் சொன்னதை அப்படியே வகுப்பு விதியாகச் சுவரில் ஒட்டினோம்: 'ஆளைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி எழுது.'

பிறகுதான் இரண்டாம் முறை எழுத வைத்தேன். மொழி குறித்து ஒரு முடிவும் எடுத்தேன். முதல் வரைவு எந்தத் தமிழிலும் இருக்கலாம். இரண்டாம் வரைவில் வினைமுற்றுகளை மட்டும் எழுத்துவழக்குக்கு மாற்ற வேண்டும். கடலோரச் சொற்களை மாற்றக் கூடாது. 'வேல இல்ல' என்பது 'வேலை இல்லை' ஆகட்டும், 'பங்கு' பங்காகவே இருக்கட்டும். இந்தப் பிரிப்பு இல்லாமல் முன்பு நான் சிவப்பு மையால் கோடிட்டது, பிழையோடு கருத்தையும் சேர்த்து அடித்துவிட்டது.

வந்த தாள்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒருவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். சூப்பர்மேனை உயிர்ப்பித்ததும் அவர் கோபத்தில் எல்லோரையும் அடிக்கிறார். அந்தக் களேபரத்தில் மூன்றாவது பெட்டியைக் கவனிக்க ஆளில்லை. வில்லன் வந்து எடுத்துப்போகிறான். "உலகமே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று ஒரு மணி நேரமாகச் சொன்னவர்கள் அதை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரில் ஐஸ் பெட்டியைக்கூட ஆளில்லாமல் விட்டுப் போகமாட்டார்கள்" என்று எழுதியிருந்தான். இதைவிட நறுக்கென்று அந்தக் காட்சியை நான் எழுதியிருக்க முடியாது.

இன்னொன்று, பாசி எடுக்கும் தாயின் மகள் எழுதியது. படத்தில் அக்வாமேனும் மீராவும் கடலடியில் பேச வேண்டிய இடத்தில் மீரா தண்ணீரை விலக்கி ஒரு காற்றுக் குமிழி உண்டாக்குகிறாள். அதற்குள் நின்று பேசுகிறார்கள். "கடல் ராஜாவுக்குக் கடலுக்குள் பேச முடியவில்லை. என் அம்மாவும் அத்தைகளும் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்குவார்கள். உள்ளே பேசமாட்டார்கள். கையைக் காட்டினாலே போதும். மேலே வந்துதான் திட்டுவார்கள்." மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் இப்படிப் பாசி எடுக்கும் பெண்கள் பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் ஏராளம். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் அவர்கள் தொழிலுக்கும் சட்டத்துக்கும் இடையே படும் பாடு தனிக்கதை. அவர்களில் ஒருவரான லட்சுமி 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருதைப் பெற்றார். இதைச் சொன்னபோது அந்த மாணவி, "அவங்க எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான் ஐயா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்வாமேன் 1941 முதல் சித்திரக்கதையில் நீந்துகிறார். இப்படி ஒரு மதிப்பீட்டை அவர் சந்தித்திருக்க மாட்டார்.

எல்லாம் வெற்றி என்று எழுத மாட்டேன். ஏழெட்டுப் பேர் கடைசிவரை மூன்று வரியையே எழுதினார்கள். அவர்களுக்கு எழுதுவதே பாரம், அங்கே முதலில் வேறு வேலை பாக்கியிருக்கிறது. இன்னும் சிலர் குறை சொல்வதே மதிப்புரை என்று புரிந்துகொண்டு, பாடநூலில் உள்ள எல்லாவற்றையும் ஒரு மாதம் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிடித்த ஒன்றையும் அதே மடித்த தாளில் எழுதவைத்து ஓரளவு சரிசெய்தேன். இலக்கணத்தில் இரண்டு பாடவேளை பின்தங்கினேன். "சினிமாவுக்கு ஆறு பீரியடா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தத் தாள்களைப் படிக்கக் கொடுத்தேன். படித்தார். ஆறு அதிகம், நான்கில் முடித்திருக்கலாம் என்றார். இந்த ஆண்டு நான்கில்தான் முடித்தேன்.

அந்தப் பின்வரிசை மாணவன் இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் மாதத்தில் சில நாள் வருவதில்லை. வரும் நாள்களில் நூலகப் பாடவேளையைத் தவறவிடுவதில்லை. அரையாண்டுத் தேர்வில் நூல் மதிப்புரை வினாவுக்கு, நம் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கடல்பயணக் கதையைப் பற்றி எழுதியிருக்கிறான். "இந்நூல் எனக்கு ஏமாற்றம் தந்தது" என்று தொடங்குகிறது. கதையில் வரும் ஏழு மாலுமிகளில் நால்வருக்குப் பெயரும் இல்லை, வேலையும் இல்லை என்று பக்க எண்ணோடு சொல்கிறான். புயல் வரும் அத்தியாயம் மட்டும் உண்மையாக இருப்பதாக ஒரு வரி. குறிப்புகள் எல்லாவற்றையும் தொட்டிருக்கிறான். 'அனைவரும் வாங்கிப் படித்து' என்பது மட்டும் இல்லை.

நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். பொதுத்தேர்வில் அவன் தாளைத் திருத்தப்போவது நானில்லை. "இப்படியே எழுதவா ஐயா, மாத்தவா?" என்று என்னிடம் கேட்டான். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் "இப்படியே எழுது" என்றேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்தத் தாள் இதை வாசிக்கும் உங்களில் ஒருவர் மேசைக்கு வரக்கூடும்.